ஏ முடியாமல் பி-க்குப் போகாதீர்கள்: அவசரப் பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கு

ஏ, பி, சி, டி, இ. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, உடல் முழுக்கப் பார்த்தல். இந்த வரிசை என்னிடம் பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் மனப்பாடம். படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றதும்தான் கலைந்துவிடுகிறது. கை பி.பி. கருவியைத் தேடும், கண் மானிட்டரில் இருக்கும், வாய் "எப்போதிலிருந்து வலி?" என்று கேட்கும். நோயாளியின் தொண்டையில் கரகரவென்று வரும் சத்தம் யார் காதிலும் விழாது.

1976-இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விழுந்தது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகளுக்குப் பலத்த காயம். அவர்களுக்குக் கிடைத்த முதல் சிகிச்சை அவரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1978-இல் தொடங்கிய விபத்துச் சிகிச்சைப் பயிற்சி. உயிரை எது முதலில் பறிக்குமோ அதை முதலில் பார், பார்த்த இடத்திலேயே சரிசெய், அப்புறம் அடுத்ததற்குப் போ என்பதுதான் அதன் சாரம். நடுவில் இருக்கும் அந்த "சரிசெய்" என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

முதலில் பேச்சுக் கொடுங்கள். தெளிவாக, முழு வாக்கியமாகப் பதில் வந்தால் மூச்சுப்பாதை இப்போதைக்குத் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. பதிலே இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இந்த வரிசையை விட்டுவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். ரத்தம் பீறிட்டு அடித்தால் ஏ-க்கும் முன்னால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஏ-யில் காதுதான் கருவி. குறட்டை என்றால் நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது, தாடையைத் தூக்குங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்றால் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னே தள்ளுங்கள். கரகரப்பு என்றால் தொண்டையில் தேங்கியதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன். மூச்சை இழுக்கும்போது கீச்சென்று கேட்டால் உடனே மயக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள். நெஞ்சு உள்ளே போய் வயிறு எழும்புகிறது, ஆனால் சத்தமே இல்லை என்றால் முழு அடைப்பு.

பி-யில் மூச்சை எண்ணுங்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் எல்லா நோயாளிக்கும் 18 அல்லது 20 என்றே எழுதியிருக்கும். யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பாருங்கள். 25-ஐத் தாண்டினால் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள். ஆஸ்துமாக்காரரின் மூச்சு 36-லிருந்து 14-க்கு இறங்கி, வீசிங்கும் நின்று, கண் செருகினால் அது குணமல்ல, களைப்பு. ஆபத்தான நிலையில் இருப்பவருக்குப் பையுள்ள மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்சிஜன். நிலை தெளிந்ததும் சாச்சுரேஷன் 94–98 சதவீதம் போதும்; கரியமிலவாயு தேங்கும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு 88–92. ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் இல்லாமல், தட்டினால் பறைபோல ஒலித்து, பி.பி.யும் இறங்கினால் எக்ஸ்-ரேவுக்கு அனுப்பாதீர்கள். நுரையீரலைச் சுற்றி அடைபட்ட காற்றை அங்கேயே வெளியேற்ற வேண்டும்.

சி-யில் பி.பி. தாமதமாகத்தான் உண்மை சொல்லும், இளம் வயதினரிடம் இன்னும் தாமதமாக. மார்பெலும்பின் மேல் விரலால் 5 நொடி அழுத்திவிட்டு எடுங்கள். நிறம் திரும்ப 2 நொடிக்கு மேல் ஆனால், கையும் சில்லிட்டிருந்தால், பி.பி. 110 இருந்தாலும் கவலைப்படுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் நாடி வேகமெடுக்காமலே இருக்கலாம். ரத்தக்குழாயில் பெரிய கேனுலா (ஊசிக்குழாய்) போடுங்கள், அப்போதே ரத்தம் எடுங்கள். நீர்ச்சத்துக் குறைவு போலிருந்தால் 500 மில்லி சலைன் வேகமாகக் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பலவீனமான இதயத்துக்கு அதில் பாதி.

டி-யில் கண்மணி, நினைவு, சுகர். விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் பார்க்கிறாரா, வலிக்குத்தான் அசைகிறாரா, எதுவுமே இல்லையா என்ற நாலு படி முதல் பார்வைக்குப் போதும். சுகரை மட்டும் மறக்கவே கூடாது. பக்கவாதம் என்று ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் ஆளுக்கு சுகர் வெறும் 38 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கலாம்.

இ-யில் துணியை விலக்கி முதுகையும் பாருங்கள், உடனே போர்த்துங்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது கெடும்.

ஏதாவது செய்தபின் அல்லது நிலை மோசமானால், மறுபடி ஏ-யிலிருந்து. கடைசிவரை முடித்துவிட்டுத்தான் சீனியரைக் கூப்பிட வேண்டும் என்றில்லை. போனில் நோயாளியின் முழுக்கதையைத் தொடங்காதீர்கள். "சார், மூச்சு 34, 15 லிட்டரில் சாச்சுரேஷன் 87, பி.பி. 84. நிமோனியா என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வரணும்." அவ்வளவுதான். பழைய நோய், மாத்திரைப் பட்டியல், இ.சி.ஜி. எல்லாம் அவர் வந்துகொண்டிருக்கும்போது பார்க்கலாம்.