"எம்.இ.எல். போட்டாச்சு" என்பதோடு வேலை முடிவதில்லை: லைனுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு (லைன்) வேலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் வாயில் அடிக்கடி வருவது: "எம்.இ.எல். போட்டாச்சு மச்சான், அனுப்பிடலாம்." எந்தப் பழுதோடு, என்ன நிபந்தனையில், எத்தனை நாள் விமானம் பறக்கலாம் என்று சொல்லும் ஏடு அந்த எம்.இ.எல். (மினிமம் எக்விப்மென்ட் லிஸ்ட்). உற்பத்தியாளர் தரப்பின் மூலப் பட்டியலை வைத்து ஒவ்வொரு கம்பெனியும் தன் விமானங்களுக்கென்று எழுதி, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.-விடம் ஒப்புதல் வாங்குகிறது. லாக் புத்தகத்தில் கையெழுத்து மறப்பது, சாப்டர் எண்ணை மாற்றி எழுதுவது எல்லாம் நாலு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

ஒவ்வொரு பழுதையும் தனியாகப் பார்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இதுதான், விலை அதிகமானதும் இதுதான்.

ஒரு ஏ320-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஏ.பி.யூ. (வாலில் இருக்கும் சின்ன இன்ஜின்; மின்சாரமும், பெரிய இன்ஜின்களைக் கிளப்பக் காற்றும் தருவது) வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்வதைத் தள்ளிவைக்க எம்.இ.எல்.-லில் இடமிருக்கிறது, தள்ளிவைத்தாயிற்று. புதன் ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு இன்ஜினின் ஐ.டி.ஜி. (இன்ஜினோடு சுழலும் ஜெனரேட்டர்) கோளாறு. ஷிஃப்டில் இருப்பவர் வேறு ஆள். எம்.இ.எல்.-ஐத் திறக்கிறார், ஐ.டி.ஜி. ஒன்று இல்லாமலும் போகலாம் என்று இருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டால் தொலைந்தது. அடுத்த வரி, ஏ.பி.யூ. ஜெனரேட்டர் பறக்கும் நேரம் முழுக்க ஓட வேண்டும் என்கிறது. அதுதான் திங்கட்கிழமையே படுத்துவிட்டதே! தனித்தனியாக இரண்டும் சட்டப்படி சரி. சேர்ந்தால் அந்த விமானம் அசையக் கூடாது.

காரணம் எளிது. பழுதை எழுதும் பக்கம் ஒன்று, ஏற்கெனவே தள்ளிவைத்தவற்றின் பட்டியல் வேறொன்று. அவசரத்தில் முதல் பக்கம் மட்டும் கண்ணில் படுகிறது. கேப்டன் பட்டியலைப் புரட்டும்போது விஷயம் வெளிப்பட்டால், பயணிகளை இறக்க வேண்டும், ஐ.டி.ஜி.-க்கு ஆளும் ஸ்பேரும் தேட வேண்டும். வெளிப்படாமல் போனால், விமானம் ஒரே ஒரு ஜெனரேட்டரை நம்பி மேலே போகும்.

வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் தள்ளிவைத்த பழுதுகளின் பட்டியல், அப்புறம்தான் எம்.இ.எல். "இன்னது வேலை செய்தால்" என்று வரும் ஒவ்வொரு நிபந்தனையையும் அந்தப் பட்டியலோடு விரல் வைத்து ஒத்துப் பாருங்கள். போய் இறங்கும் ஊரையும் யோசியுங்கள். ஏ.பி.யூ. இல்லாத விமானத்துக்கு அங்கே ஏர் ஸ்டார்ட் யூனிட் (இன்ஜினைக் கிளப்பக் காற்று தரும் வண்டி) இருக்கிறதா? இல்லையென்றால், இன்ஜின்களை நிறுத்திய பிறகு அது அங்கேயே நிற்கும்.

பிரேக்கரும் டேப்பும்

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, 41,000 அடியில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து, இன்ஜின்கள் ஓடாமலே கனடாவில் கிம்லியின் பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்குவதை விட்டு, பவுண்டுக்கான 1.77-ஐப் போட்டதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

எரிபொருள் அளவுக் கருவியின் இரண்டு சேனல்களில் ஒன்று கோளாறு. எட்மன்டனில் ஒரு டெக்னீஷியன் அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து, டேப் ஒட்டினார், மீட்டர்கள் காட்டின. மான்ட்ரியலில் இன்னொருவர் சோதித்துப் பார்க்க பிரேக்கரை உள்ளே தள்ளினார். அந்த நேரம் எரிபொருள் லாரி வந்தது, கவனம் அங்கே போனது, திரும்ப இழுக்கவில்லை. மீட்டர்கள் அணைந்தன. டேப் அப்படியே இருந்ததால், பார்த்தவர் கண்ணுக்கு பிரேக்கர் இழுத்தபடியே இருப்பதாகத் தெரிந்தது. மீட்டர் ஒன்றுகூட இல்லாமல் கிளம்ப எம்.இ.எல்.-லில் அனுமதி கிடையாது, ஆனாலும் கிளம்பினார்கள்.

டேப்பை நம்பாதீர்கள். பிரேக்கரைத் தொட்டுப் பாருங்கள்.

தேதி எண்ணுவது

தள்ளிவைத்த பழுதைச் சரிசெய்ய எம்.இ.எல். தரும் கெடு: 'பி' வகைக்கு 3 நாள், 'சி' வகைக்கு 10, 'டி' வகைக்கு 120. பழுதைப் பதிவு செய்த நாள் கணக்கில் சேராது. இது எல்லோருக்கும் மனப்பாடம். எந்த ஊர் நாள் என்பதில்தான் சறுக்கல். 12-ஆம் தேதி அதிகாலை 2.10-க்கு பெங்களூரில் எழுதும் பழுது, உலகப் பொது நேரமான யு.டி.சி.-யில் 11-ஆம் தேதி 20.40. 'பி' வகையானால் யு.டி.சி. கணக்கில் 14-ஆம் தேதி நள்ளிரவோடு, அதாவது நம் நேரம் 15-ஆம் தேதி காலை 5.30-க்கு முடிகிறது. உள்ளூர் கணக்கில் 15-ஆம் தேதி முடியும் நள்ளிரவு வரை ஓடும். பதினெட்டரை மணி நேர வித்தியாசம்! உங்கள் கம்பெனி எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது எம்.இ.எல். முன்னுரையில் இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை.

பேனல் காணோமா?

அது எம்.இ.எல். இல்லை, சி.டி.எல். (வெளிப்புறப் பாகங்களில் எது இல்லாமல் பறக்கலாம் என்று சொல்லும் தனிப் பட்டியல்).

"நாள் முடிஞ்சா நீட்டிப்பு வாங்கிக்கலாம்"

வேண்டாம்.

'ஓ' குறியை பைலட் பாடு என்று விடுவது

எம்.இ.எல். வரியில் 'எம்' குறி இருந்தால் மெயின்டனன்ஸ் வேலை, 'ஓ' குறி இருந்தால் பறக்கும் முறையில் மாற்றம். இரண்டாவதும் நம்மிடமிருந்துதான் கிளம்ப வேண்டும். ஏ320-இல் ஒரு ஏ.சி. பேக் (கேபினுக்குக் காற்றும் அழுத்தமும் தரும் யூனிட்) இல்லையென்றால் 31,500 அடிக்கு மேல் போகக் கூடாது. கீழே பறந்தால் எரிபொருள் கூடுதலாகத் தின்னும். பெங்களூரு–டெல்லி போன்ற தூரத்தில் முதலில் போட்ட ஃப்ளைட் பிளான் அப்போது செல்லாது. பேக்கைத் தள்ளிவைப்பது என்று முடிவானதுமே ஃப்ளைட் பிளான் போடும் டிஸ்பேட்சுக்குப் போன் போட்டு, புதுக் கணக்கு வரும்வரை பவுசரை (எரிபொருள் லாரியை) பிடித்து வையுங்கள். எரிபொருள் நிரப்பி, ஹோஸைக் கழற்றி, பவுசர் அடுத்த பேவுக்குப் போன பிறகு சொன்னால், அதைத் திரும்ப வரவழைக்க அரை மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும்.