தூசேன் லூவெர்த்தூரின் வரலாற்றுக் கட்டுரை எழுதுவது எப்படி

அன்று பிரான்சின் கரீபியக் குடியேற்றமாக இருந்த ஹெய்ட்டியின் அடிமைக் கிளர்ச்சித் தலைவர் தூசேன் லூவெர்த்தூரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் 1791 ஆகஸ்ட் மாத அடிமைக் கிளர்ச்சியில் தொடங்கிப் போர் போராகக் கதையைச் சொல்லி, 1803 ஏப்ரல் 7 அன்று பிரான்சின் ஜூரா மலையிலுள்ள ஜூ கோட்டைச் சிறையில் அவர் இறந்ததோடு முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் படைத்தலைவர் மட்டுமே தெரிவார். நாட்டை ஆண்டவர் தெரியமாட்டார். ஆகவே போர்களுக்குக் கொடுக்கும் இடத்தை அவர் பிறப்பித்த ஆணைகளுக்கும் கொடுங்கள்.

முதலில் அவருடைய இளமையைச் சரியாக எழுத வேண்டும். அவர் பிரெடா தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1776-க்குள்ளேயே விடுதலை பெற்றுவிட்டார் என்பதையும், 1779-இல் ஒரு காப்பித் தோட்டத்தை அதிலிருந்த 13 அடிமைகளோடு குத்தகைக்கு எடுத்தார் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பின்னாளில் அவர் தோட்டங்களைக் காக்க ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி தேவை.

போர்ப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம். அவர் ஸ்பானியப் படையில் சேர்ந்ததும், பிரெஞ்சு மன்றம் 1794 பிப்ரவரி 4 அன்று அடிமை முறையை ஒழித்த அதே ஆண்டில் பிரெஞ்சுப் பக்கம் வந்ததும், 1798-இல் ஆங்கிலேயர் தீவைவிட்டு விலகியதும் வரிசை மாறாமல் வந்தால் போதும். 'லூவெர்த்தூர்' என்ற சொல்லுக்குத் 'திறப்பு' என்று பொருள். அதுவரை தோட்டத்தின் பெயரால் பிரெடா என அறியப்பட்டவர், 1793 ஆகஸ்ட் 29 தேதியிட்ட அறிக்கையில் இந்தப் புதிய பெயரோடு தம்மை மக்களுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டார் என்பதை மட்டும் ஒரு வரியிலாவது சொல்லுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது 1800, 1801 ஆகிய இரண்டு ஆண்டுகளில்தான். 1800 அக்டோபரில் வெளியான தொழிலாளர் ஆணையையும் 1801 ஜூலையில் வெளியான அரசியல் சட்டத்தையும் அருகருகே வைத்து, நிதானமாகப் படியுங்கள். சட்டத்தின் மூன்றாம் பிரிவு, இம்மண்ணில் அடிமைகள் இருக்க முடியாது என்றும், மனிதர் யாவரும் சுதந்திரராகவும் பிரெஞ்சுக்காரராகவும் பிறந்து வாழ்ந்து இறப்பர் என்றும் சொல்கிறது. ஆணையோ தோட்டத் தொழிலாளர் படைவீரரைப் போலக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. தோட்டத்தைவிட்டு ஓடியவர் படையைவிட்டு ஓடியவராகக் கருதப்படுகிறார். அதே சட்டம் தோட்டத்தை ஒரு குடும்பம் என்றும், நிலவுடைமையாளரை அதன் தந்தை என்றும் கூறி, தூசேனை ஆயுட்கால ஆளுநராக்கி, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அவர் கையிலேயே கொடுக்கிறது. இந்த வரிகளை வாசகருக்குச் சுருக்கிச் சொல்லாமல் விரிவாகக் காட்டுங்கள். சர்க்கரையும் காப்பியும் ஏற்றுமதியாகாவிட்டால் படைக்குத் துப்பாக்கி வாங்கப் பணம் வராது என்ற அவருடைய நெருக்கடியையும் உடன் எழுதுங்கள். 1801 அக்டோபரில் வடக்கில் தொழிலாளர் கிளர்ந்தபோது, அதற்குப் பொறுப்பாக்கப்பட்ட தாம் உடன்பிறந்தார் மகனாக ஏற்றிருந்த தளபதி மொயிஸையே அவர் சுட்டுக்கொல்லச் செய்ததை எந்தக் காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள்.

நெப்போலியனின் படையால் பிடிக்கப்பட்டுப் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகான சிறை நாட்களுக்கு வரும்போது, அவர் நெப்போலியனுக்கு எழுதிய நினைவுக் குறிப்பைப் பயன்படுத்துங்கள். அவர் கைப்பட எழுதிய பிரதியில் பிரெஞ்சுச் சொற்கள் காதில் விழுந்தபடியே எழுத்துக்கூட்டப்பட்டிருக்கின்றன. தம் உடலின் நிறம் தம் மானத்துக்கும் வீரத்துக்கும் குறையாகுமா என்று அதில் அவர் கேட்கிறார். அந்தக் கேள்வியைச் சுருக்காமல் அப்படியே எடுத்துக்கொடுங்கள்.

ஹெய்ட்டியின் விடுதலையை அவர் அறிவித்ததாக எழுதிவிடக் கூடாது. 1804 ஜனவரி 1 அன்று கொனாயிவ் நகரில் அதை அறிவித்தவர் அவருடைய தளபதியாக இருந்த தெசாலின்; அப்போது தூசேன் இறந்து ஒன்பது மாதங்கள் ஆகவிருந்தன.