மாத்திரை இல்லை என்றால் சும்மா திரும்பாதீர்கள்

என் தம்பிக்கு மனச்சிதைவு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்பது வருஷமாக அவனைக் கூட்டிக்கொண்டு அலைகிறேன். ஒருமுறை அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில், "ரிஸ்பெரிடோன் வரலம்மா, வெளிய வாங்கிக்கங்க" என்றார்கள். இரண்டு மாசம் வாங்கினேன். மூன்றாம் மாசம் கையில் காசில்லை. பதினோரு நாள் மாத்திரை நின்றது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி மாட்டுக்கொட்டத்தில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் சட்டத்தைத் தெரிந்துகொண்டேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு இது: அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மாத்திரைகளைச் சமுதாய சுகாதார மையம் தொடங்கிப் பெரிய ஆஸ்பத்திரி வரை அரசு இலவசமாகத் தர வேண்டும், எந்நேரமும். ரிஸ்பெரிடோன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குச் சிகிச்சையே இலவசம். அதற்கான கார்டு கையில் இல்லாவிட்டாலும் சரி. மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மத்திய அரசும் மாநில அரசும் பணம் போடுகின்றன. நாம் யாரிடமும் தர்மம் கேட்கவில்லை.

மாத்திரை இல்லை என்றால் சண்டை போட வேண்டாம். "இருப்பு இல்லைன்னு சீட்டிலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்று கேளுங்கள். பாதி நேரம் அப்போதே உள்ளேயிருந்து மாத்திரை வந்துவிடும்! வராவிட்டால் பொறுப்பு மருத்துவ அதிகாரிக்கு அரைப் பக்கம் மனு: சீட்டு எண், மருந்தின் பெயர், தேதி, பிரிவு எண். அங்கே தீராவிட்டால், இதே சட்டத்தின்கீழ் புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியம். நான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்தேன். ரசீது வாங்காமல் வரக்கூடாது.

தம்பி தெளிவாக இருந்த ஒரு நாளில் இன்னொரு காரியமும் செய்தோம். சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணையாக முடிவெடுக்க இவர்தான் பிரதிநிதி என்று நோயாளியே எழுதித் தரலாம். பத்திரம் எழுதுபவர் ஐநூறு கேட்டார். தேவையே இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும் என்று அதே 2017 சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது.

நோய் நீண்டகாலமாக இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு, பெரும்பாலான சலுகைகளுக்குப் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் வைத்திருந்தால் உடல்நோயைப் போலவே மனநோய்க்கும் கொடுத்தாக வேண்டும்.

ராத்திரியில் நிலைமை கைமீறினால் அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சீட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். எங்கள் பழைய சீட்டு வியர்வையில் நனைந்து, டாக்டர் எழுதிய மருந்தளவே அழிந்துபோயிருந்தது.