லேடெக்ஸ் இல்லாத கிளவுஸ்தானே, எதுவாக இருந்தால் என்ன?

பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் சர்ஜிக்கல் சாமான் விற்கும் கடையில் போய் "டென்டலுக்கு நைட்ரைல் கிளவுஸ்" (நைட்ரைல் என்பது ஒரு செயற்கை ரப்பர்) என்று கேட்டால், நீல நிறத்தில் நாலு பெட்டியை எடுத்து வைத்துவிட்டு முதலில் விலையைத்தான் சொல்வார்கள். நாமும் முதலில் விலையைத்தான் கேட்கிறோம், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் மும்பையில் பல் கிளினிக் நடத்துகிற, அங்கே அசிஸ்டென்டாக வேலை பார்க்கிற நம் ஆட்களிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. பெட்டியில் 'லேடெக்ஸ் இல்லை', அதாவது இயற்கை ரப்பர் இல்லை என்று போட்டிருந்தால் கைக்கும் பிரச்சினை இல்லை, நோயாளிக்கும் பிரச்சினை இல்லை என்று. அது பாதிதான் உண்மை.

முதலில் நிறம். நீலமாக இருப்பதெல்லாம் நைட்ரைல் இல்லை, நீல லேடெக்ஸும் இருக்கிறது, வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நீல கிளவுஸும் இருக்கிறது. கோவிட் சமயத்தில் நைட்ரைல் கிடைக்காமல் போனபோது வினைலோடு கொஞ்சம் நைட்ரைல் கலந்த சரக்கும் பெருகியது, அது இன்னும் கடைகளில் உண்டு. இழுத்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். வினைல் அதிகம் நீளாது, மணிக்கட்டில் தொளதொள என்று நிற்கும், வேலையின் நடுவே கிழிவதும் ஒழுகுவதும் நைட்ரைலைவிட அதிகம். வாய்க்குள் பர், ஸ்கேலர் என்று கூரான சாமான்களோடு வேலை செய்கிற கைக்கு அது சரிப்படாது. இன்னொரு குழப்பம், 'பவுடர் இல்லை' என்பதை 'லேடெக்ஸ் இல்லை' என்று படிப்பது. இரண்டும் வேறு வேறு. பவுடர் போட்ட கிளவுஸை அமெரிக்காவில் 2017 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள். லேடெக்ஸ் புரதம் அந்தப் பவுடரில் ஒட்டிக்கொண்டு காற்றில் பறக்கும் என்பது ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் இன்னும் சிலர் போட்டுக் கழற்ற வசதி என்று அதைத் தேடி வாங்குகிறார்கள்.

சரி, உண்மையான நைட்ரைலே வாங்கியாயிற்று, ஆனாலும் கை அரிக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் குழம்பிப்போய் பிராண்ட் மேல் பிராண்டாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். லேடெக்ஸ் அலர்ஜி என்று எல்லோரும் பயப்படுவது அதிலுள்ள புரதத்தால் வருவது. போட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. நைட்ரைலில் அந்தப் புரதம் கிடையாது. ஆனால் நைட்ரைலைப் பதப்படுத்தப் பயன்படும் ஆக்சிலரேட்டர் ரசாயனங்கள், அதாவது கார்பமேட், தையூரம் போன்றவை, லேடெக்ஸில் இருப்பது போலவே இதிலும் இருக்கலாம். அவை தரும் ஒவ்வாமை உடனே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துப் புறங்கையிலும் மணிக்கட்டிலும் கிளவுஸ் விளிம்பு வரை சிவந்து வெடிக்கும். இது இருப்பவர் எத்தனை நைட்ரைல் மாற்றினாலும் ஆக்சிலரேட்டர் சேர்க்காத வகைக்குப் போகாமல் நிம்மதி இல்லை. எது என்று ஊகிக்காமல் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை) எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சாதாரணமானது, அலர்ஜியே இல்லாத எரிச்சல். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் முழுக்கக் காயாமல் கிளவுஸை மாட்டுவது, அல்லது சானிடைசர் உலரும் முன்பே மாட்டுவது. ஜூன் பிறந்தால் செம்பூரிலும் சயானிலும் துணியே காய்வதில்லை, கை எங்கே காயும்? பத்து விநாடி கூடுதலாகத் துடைத்துக்கொண்டு மாட்டுவதில் பாதிப் பிரச்சினை போய்விடும். வேலை முடிந்தபின் நல்ல க்ரீம் பூசுங்கள், மாட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் வேண்டாம்.

அளவு விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்குப் புரிவதே இல்லை. செருப்பு வாங்க மூன்று கடை ஏறுகிறவர்கள், நாள் முழுக்கக் கையில் இருக்கும் ஒன்றை 'எம் கொடுங்க' என்று வாங்கிவிடுகிறார்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். லேடெக்ஸில் எம் போட்டவருக்கு நைட்ரைலில் எம் இறுக்கமாக இருக்கலாம், நைட்ரைல் அந்த அளவுக்கு நீளாது. இறுகினால் கட்டைவிரல் அடிப்பகுதிச் சதை மாலைக்குள் வலிக்கும். தளர்ந்தால் நுனியில் மடிப்பு விழுந்து ரூட் கெனால் ஃபைல் பிடிப்பதே கஷ்டம். இரண்டு கைக்கும் மாற்றிப் போடும் சாதா வகையில் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே தளத்தில் இருக்கும்படி செய்திருப்பார்கள், அது கட்டைவிரலை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். தொடர்ந்து கைவலி உள்ளவர்கள் இடது, வலது தனித்தனியாக வரும் வகையை ஒரு பெட்டி வாங்கிப் பார்க்கலாம், விலை கூடத்தான், ஆனால் டாக்டர் ஒருவருக்கு மட்டும் வாங்கினால் தாங்கும்.

கடைக்காரர் தடிமனைக் காட்ட கிளவுஸின் எடையைக் கிராம் கணக்கில் சொன்னால், ஒரே அளவுக்கும் ஒரே நீளத்துக்கும் மட்டும் ஒப்பிடுங்கள். எல் சைஸ் கிராம் கூட இருப்பது தடிமனால் அல்ல, பெரிதாக இருப்பதால்.

கெமிக்கல் விஷயத்துக்கு வருவோம், யாரும் பேசாதது இதுதான். நைட்ரைல் கெமிக்கல் தாங்கும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் அக்ரிலிக் பிசினுக்கான திரவமான மோனோமரும், பல்லில் ஃபில்லிங் ஒட்டப் பூசும் பாண்டிங் திரவத்தில் உள்ள ஹெமா என்ற ரசாயனமும் மெல்லிய எக்சாம் கிளவுஸைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும், ஓட்டையே தேவையில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்தால் கிளவுஸைவிட இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். (ஜெல் நெயில் பாலிஷிலும் இந்த ஹெமா இருப்பதுண்டு, அங்கே பிடித்த ஒவ்வாமை கிளினிக்கிலும் தொடரும்.) பாண்டிங்கை விரலால் தொடவே கூடாது, பட்டுவிட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவிவிட்டு வேறு மாட்ட வேண்டும். அப்புறம் பல் அச்சு எடுக்கக் கையால் பிசையும் சிலிகான் புட்டி: லேடெக்ஸ் போட்டுப் பிசைந்தால் அதிலுள்ள கந்தகம் புட்டியை இறுக விடாது. நைட்ரைலுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்றாலும் சில நைட்ரைலிலும் கந்தகம் சேர்ந்த ஆக்சிலரேட்டர் உண்டு, புதுப் பெட்டி வந்ததும் துளி புட்டி பிசைந்து பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன வினைல் இந்த ஒரு வேலைக்கு நல்லது.

மாட்டிய கிளவுஸ் மேல் சானிடைசர் தேய்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதை இன்னும் பார்க்கிறேன். வேண்டாம், ஆல்கஹால் அதைப் பலவீனமாக்கும், கழுவினால் நுண்ணிய ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போகும். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி.

லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர் வருகிறார் என்றால் கிளவுஸை மட்டும் மாற்றிவிட்டு உட்காரவைக்கக் கூடாது. ரப்பர் டேம் (சிகிச்சை செய்யும் பல்லைத் தனியே பிரிக்க வாயில் விரிக்கும் ரப்பர் தாள்), பாலிஷ் செய்யும் கப், பல் கம்பிக்குப் போடும் எலாஸ்டிக் எல்லாவற்றிலும் லேடெக்ஸ் இருக்கலாம். வாழைப்பழம், கிவி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்றும் கேளுங்கள், இவற்றுக்கும் லேடெக்ஸுக்கும் தொடர்பு உண்டு. அன்றைய முதல் அப்பாயின்ட்மென்ட்டை அவருக்குக் கொடுப்பது நல்லது.

மலிவாக, பெட்டியில்லாமல் கட்டாக வரும் சரக்கைத் தொடவே தொடாதீர்கள். 2020 ஆகஸ்டில் நவி மும்பையில் பயன்படுத்திய கிளவுஸைக் கழுவி மறுபடி விற்கத் தயார் செய்துகொண்டிருந்ததைப் போலீஸ் பிடித்தது. பெட்டியில் தயாரித்த தேதி, காலாவதி, லாட் எண், இ.என் 455 (மருத்துவ கிளவுஸுக்கான ஐரோப்பியத் தரம்) போன்ற தர எண், ஏ.கியூ.எல் அளவு (ஓட்டையுள்ளவை எவ்வளவு வரை ஏற்கலாம் என்ற வரம்பு) இவற்றைப் பாருங்கள். ஏ.கியூ.எல் எண் சிறிதாக இருந்தால் ஓட்டை விஷயத்தில் கட்டுப்பாடு அதிகம், இ.என் 455 கேட்பது 1.5. சந்தேகமிருந்தால் பெட்டியிலிருந்து நாலைந்தை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் தொங்கவிடுங்கள், அந்தத் தரத்தின் சோதனையும் ஏறக்குறைய இதுதான். ஒன்றுக்கு மேல் சொட்டினால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.