லேபர் கோர்ட்டிலிருந்து கோட்டைக்குப் போக நினைப்பவர்களுக்கு

தொழிலாளர் வழக்குகள் நடத்திவிட்டு எம்.எல்.ஏ. ஆக ஆசைப்படும் ஜூனியர் யாராவது வருடத்துக்கு ஒருவர் என்னிடம் வந்துவிடுவார். நான் தேர்தலில் நின்றதில்லை. ஆனால் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்விகளும், துறைக்கான நிதியைக் குறைக்கக் கோரி எதிர்ப்பைப் பதிவு செய்யும் வெட்டுத் தீர்மானங்களும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஜெயித்தால் கறுப்பு அங்கியைக் கழற்ற வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வேண்டாம். சட்டமன்ற உறுப்பினர் வழக்கறிஞராகவும் தொடரலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், அரசில் ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது. சீட் வாங்குவது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அதற்கு முன் நாலைந்து வருடம் சங்கக்காரர்களோடு திரியுங்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தின் 36-வது பிரிவு, சமரசப் பேச்சுவார்த்தைக்குள் வக்கீலை விட்டதில்லை. அதனால் நான் தொழிலாளர் அலுவலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே சங்கச் செயலாளர் பேசுவார். பிறகு 12(3) ஒப்பந்தத்தை, அதாவது அந்தச் சமரசத்தில் ஏற்பட்ட உடன்பாட்டை, டைப் செய்வது என் வேலை. ‘வழங்கப்படும்’, ‘வழங்கப்படலாம்’ என்ற இரண்டுக்கும் நடுவே எத்தனை குடும்பங்களின் சம்பளம் நிற்கிறது என்பதைக் கற்றது அந்தத் தாழ்வாரத்தில்தான்.

சரி, சபைக்கு வந்துவிட்டீர்கள். 234 பேரில் ஒருவர். பேச்சைவிடக் கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு மில் தொழிலாளிக்கு 478-வது நாளில் ஒப்பந்தக்காரர் பெயர் மாறி, புது அடையாள அட்டை வந்தது; நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கத்தான் இந்த வேலை. கோபத்தில், ‘480 நாள் சட்டம் முறையாக அமலாகிறதா?’ என்று ஒரு உறுப்பினருக்கு எழுதிக் கொடுத்தேன். ‘ஆம்’ என்று பதில் வந்தது. தப்பு என்னுடையது. அடுத்த தடவை, குறிப்பிட்ட மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆய்வு, எத்தனை பேருக்கு நிரந்தர ஆணை, எத்தனை வழக்கு என்று கேட்டோம். அதற்கு ‘ஆம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை மானியக் கோரிக்கைக்கு (துறைக்கான நிதியைச் சபை விவாதிக்கும் நாளுக்கு) முன்பே வரி வரியாகப் படித்தால் இப்படிப்பட்ட கேள்விகள் தானாக வரும்.

சட்டமுன்வடிவு கைக்கு வந்ததும் எதற்காக இந்தச் சட்டம் என்று சொல்லும் நோக்கக் காரண உரையைப் படித்து மயங்க வேண்டாம். விலக்கு எங்கே இருக்கிறது, ‘அறிவிக்கை மூலம்’ (அதாவது, சபைக்கு வராமல் அரசே அரசிதழில் அறிவித்து) என்ற சொல் எங்கே வருகிறது என்று முதலில் தேடுங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த முன்வடிவை எல்லோரும் பன்னிரண்டு மணி நேர வேலை என்றே பேசினார்கள். அதன் 65-ஏ பிரிவைப் படித்தால், வேலை நேரம் பற்றிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுப்பது தெரியும். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

சின்ன திருத்தத்தைக் குறைத்து எடைபோடவும் கூடாது. 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரே ஒரு பிரிவு சேர்ந்தது. துணிக்கடைப் பெண்கள் உட்படக் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆனது. இதைக் கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. பக்கத்து மாநில அரசிதழைப் புரட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொழிலாளர் விஷயம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், நம் சட்டம் மத்திய சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. இப்போது 29 மத்திய சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகி, 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கின்றன. முன்பு 100 தொழிலாளர்கள் இருந்தாலே ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும்; அந்த வரம்பு இப்போது 300 ஆகிவிட்டது. அந்த 300-ஐ அறிவிக்கை மூலம் இன்னும் உயர்த்தவும் இடம் உண்டு. மறுபடியும் அதே சொல்! ஆகவே அரசிதழில் வரைவு விதியோ அறிவிக்கையோ வந்த அன்றே நகல் எடுத்து, சங்கங்களுக்கு அனுப்பி, ஆட்சேபணைக்கான கடைசித் தேதியை நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். வாய்தா தேதியைப் போல இதைத் தள்ளிவைக்க முடியாது.