ஸ்ட்ரிங்கைக் குறை சொல்லும் முன்: பேட்மின்டன் கட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆட வருகிறவர்கள் கட்டிங் கடையில், அதாவது பேட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டித் தரும் கடையில், முதலில் கேட்பது, "அண்ணே, பவருக்கு எந்த ஸ்ட்ரிங் நல்லது?" என்பதுதான். எந்த பவுண்டில் இழுக்க வேண்டும் என்ற பேச்சு கடைசியில்தான் வரும். அதுவும் யாரோ சொன்ன எண்ணாக இருக்கும். இந்த வரிசையே தலைகீழ். பவர், கண்ட்ரோல், ஆயுள் மூன்றையும் ஸ்ட்ரிங்கின் பெயரை விட இழுவிசைதான் அதிகம் மாற்றுகிறது.

பவுண்டை ஏற்றினால் ஸ்மாஷ் ஏறும் என்று நம்புவது

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் ஓயாத தவறு இது. அகாடமியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன், சர்வதேச ஆட்டக்காரர்கள் 30 பவுண்டில் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "எனக்கும் 28 போடுங்க" என்று கேட்பான். கடைக்காரரும் போட்டுக் கொடுத்துவிடுவார். மறுநாள் அவன் அடிக்கும் கிளியர், அதாவது பின்கோடு வரை போக வேண்டிய உயர்ந்த அடி, எதிர்த்தரப்பின் பாதிக் களத்தைத் தாண்டாது. ஸ்ட்ரிங் சரியில்லை என்று இன்னும் மெல்லியதை அதே 28-ல் போடுவான். அது ஒரு வாரத்தில் அறுந்துபோகும்.

ஷட்டில் படும்போது ஸ்ட்ரிங் சற்று உள்வாங்கி, பிறகு அதை வெளியே உந்துகிறது. தளர்ந்த கட்டு அதிகமாக உள்வாங்குவதால் உந்துதலும் அதிகம். நடுவில் படாத அடிக்கும் ஓரளவு பலன் கிடைக்கும். இறுக்கமான கட்டு கொஞ்சமாகத்தான் உள்வாங்கும். ஷட்டில் சட்டென்று கிளம்பிவிடும், நினைத்த திசையில் துல்லியமாகப் போகும். ஆனால் வேகம் முழுவதும் வீச்சிலிருந்தே வர வேண்டும், நன்றாக அடிபடும் பரப்பும் சுருங்கிவிடும். தேசிய ஆட்டக்காரரின் பேட் வேகமும் துல்லியமும் இருந்தால்தான் 30 பவுண்டு பயன்படும். அவை இல்லாதவருக்கு அது பவரைப் பறிக்கிற கட்டு. கண்ட்ரோலும் கைக்கு வராது, ஏனென்றால் அடியில் பாதி நடுவை விட்டு விலகித்தான் படுகிறது.

நஷ்டம் ஆட்டத்தோடு நிற்பதில்லை. தலையில் நெடுக்காக ஓடும் ஸ்ட்ரிங்குகள், அதாவது மெயின், பெரும்பாலான பேட்களில் 22. ஒவ்வொன்றும் 24 பவுண்டு என்றால் மொத்த இழுப்பு 528 பவுண்டு, சுமார் 240 கிலோ. 30 என்றால் 660 பவுண்டு, சுமார் 300 கிலோ. மெல்லிய கார்பன் சட்டத்தின் மேல் 60 கிலோ கூடுதலாக ஏறுகிறது. அந்த நிலையில் மேல் ஓரத்தில் ஒரு தப்படி, அதாவது நடுவை விட்டு விலகிய தப்பான அடி, பட்டால், கடிகாரத்தில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் இடங்களில் சட்டம் விரிசல் விடும். பேட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பை மீறிக் கட்டியிருந்தால் வாரன்டியும் கேட்க முடியாது. அதோடு, நடுவை விட்டு விலகிய ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாரில் போய்ச் சேர்கிறது. அந்த வலி வந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

உங்களுக்கு எது சரி என்று களத்திலேயே பார்த்துவிடலாம். பின்கோட்டில் நின்று பத்து கிளியர் அடியுங்கள். எதிர்த்தரப்பில் இரட்டையர் நீள சர்வீஸ் கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவே 76 செ.மீ. பட்டை இருக்கிறது. பத்தில் குறைந்தது எட்டு அங்கே விழ வேண்டும். விழாத வரை 22 முதல் 24 பவுண்டு போதும். நைலான் ஷட்டிலில் ஆடுகிறவர் அதற்கு மேல் போகவே தேவையில்லை. விழத் தொடங்கிய பிறகு, அதே ஸ்ட்ரிங்கில், ஒரு கட்டிங்குக்கு ஒரு பவுண்டு என்று மட்டும் ஏற்றுங்கள்.

ஸ்ட்ரிங்கையும் பவுண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவது

யோனெக்ஸின் பிஜி 65 ஸ்ட்ரிங்கை 23 பவுண்டில் ஆடியவர், அதே நிறுவனத்தின் பிஜி 80-ஐ 26-ல் போட்டுவிட்டு, "80 ரொம்பக் கட்டையாக இருக்கு" என்கிறார். கட்டையாக இருப்பது ஸ்ட்ரிங்கா, மூன்று பவுண்டா? இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் சொல்ல வழியில்லை. பேட், பவுண்டு, கட்டுபவர் மூன்றும் மாறாமல் ஸ்ட்ரிங்கை மட்டும் மாற்றினால்தான் அது ஒப்பீடு.

ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது தடிமன். யோனெக்ஸ் வரிசையில் பிஜி 65 0.70 மி.மீ., பிஜி 80 0.68, பிஜி 66 அல்டிமேக்ஸ் 0.65, ஏரோசோனிக் 0.61. வித்தியாசம் பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் 0.70-ஐ விட 0.65-ல் சரக்கு 14 சதவீதம் குறைவு, 0.61-ல் 24 சதவீதம் குறைவு. மெல்லியதில் உந்துதல் கூர்மையாக இருக்கும், 'டங்' என்ற சத்தம் வரும், ஷட்டிலை வெட்டி அடிக்கும்போது பிடிப்பும் கிடைக்கும். இவை எல்லாமே ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுப்பவை. பிஜி 65 மென்மையாக, கொஞ்சம் மந்தமாகத் தெரியும், ஆனால் நாள்பட உழைக்கும். அடியைக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு அதுவே சரி. பிஜி 80 கையில் கெட்டியாகத் தெரிகிற ஸ்ட்ரிங். வேகமாக வீசத் தெரிந்தவருக்குத்தான் அது பதில் சொல்லும்.

பாக்கெட்டின் பின்புறம் உந்துதல், ஆயுள், கண்ட்ரோல் என்று போட்டிருக்கும் மதிப்பெண்கள் அந்த நிறுவனம் தன் சரக்குகளுக்குள்ளேயே போட்டுக்கொண்டவை. யோனெக்ஸின் 9-ஐ லி-நிங்கின் 9-உடன் ஒப்பிடாதீர்கள்.

ஏரோபைட் போன்ற ஹைப்ரிட் ஸ்ட்ரிங்கில் தொடங்குவது

ஹைப்ரிட் என்றால் மெயினுக்கு ஒரு ஸ்ட்ரிங், குறுக்குக்கு வேறொன்று. டிராப்பையே, அதாவது வலையை ஒட்டி விழவைக்கும் அடியையே, இன்னும் வெட்டி அடிக்க வராதவருக்கு அது வீண் செலவு.

அறுந்த இடத்தைப் பார்க்காமல் ஸ்ட்ரிங்கைத் திட்டுவது

எங்கே அறுந்தது என்பதில்தான் காரணம் இருக்கிறது. நடுப்பகுதியில், மெயினும் குறுக்குச் ஸ்ட்ரிங்கும் உரசிப் பள்ளம் விழுந்த இடத்தில் அறுந்தால் அது இயல்பான தேய்மானம். ஸ்ட்ரிங் தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. மேல் ஓரத்தில், பள்ளம் எதுவும் விழாத புது ஸ்ட்ரிங் அறுந்தால் அது தப்படி. அங்கே ஸ்ட்ரிங்கின் நீளம் குறைவு, வளைந்து கொடுக்க இடமில்லாததால் அடி பட்டதும் துண்டாகிவிடுகிறது. தடிமனான ஸ்ட்ரிங்குக்கு மாறினால் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும், ஆனால் சரிசெய்ய வேண்டியது ஷட்டிலை எடுக்கும் நேரத்தை. சட்டத்தை ஒட்டிய துளையிலேயே அறுந்தால் கிரோமெட்டைப் பாருங்கள். அந்தப் பிளாஸ்டிக் குழல் பிளந்திருந்தால் கார்பனின் கூர் விளிம்பு எந்த ஸ்ட்ரிங்கையும் அறுத்துவிடும். கட்டிங் போடும்போதே தேய்ந்த கிரோமெட்டுகளை மாற்றச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு.

அறுந்த பேட்டை அப்படியே பையில் போடுவது

ஒரு ஸ்ட்ரிங் அறுந்ததும் சட்டத்தின் மேல் இழுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. அப்படியே நாலு நாள் விட்டால் தலை கோணலாகிவிடும். களத்தை விட்டு வெளியே வந்தவுடன், நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மெயினையும் குறுக்கையும் மாற்றி மாற்றி வெட்டிவிடுங்கள். பையில் ஒரு சின்னக் கத்தரி போதும். "இந்த கேம் மட்டும் முடிச்சிடறேன்" என்று அறுந்த பேட்டோடு ஆடவே கூடாது.

வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டை விடுவது

ஸ்ட்ரிங் நைலான், சூட்டில் தளரும். கூடாது.

"24 போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது

ஒரு கடையின் 24-ம் இன்னொரு கடையின் 24-ம் ஒன்றல்ல. கைப்பிடி சுற்றும் பழைய எந்திரம் குறித்த எண்ணை எட்டியதும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு ஸ்ட்ரிங் நீள்வதை அது ஈடு செய்யாததால் கட்டு தளர்வாக வரும். மின்னணு எந்திரம் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே ஒரே ஆளிடம், ஒரே எந்திரத்தில் போடுங்கள். மெயினுக்கு 24 என்றால் குறுக்குக்கு 25 அல்லது 26 என்று இரண்டு எண்களையும் சொல்லுங்கள். குறுக்கை ஒன்றிரண்டு பவுண்டு கூட்டிப் போடுவது வழக்கம். கட்டிய தேதி, ஸ்ட்ரிங், இரண்டு எண்கள் எல்லாவற்றையும் போனில் குறித்து வையுங்கள்.

அறுகிற வரை ஆடுவது

தடிமனான ஸ்ட்ரிங் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். அறுந்துபோகவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இழுவிசையில் கணிசமான பங்கு முதல் நாளிலேயே போய்விடுகிறது, மீதி மெதுவாகக் கரைகிறது. கடைசியில் உந்துதலும் இல்லை, பிடிப்பும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஆடுகிறவர், அறுந்துபோகாவிட்டாலும் மூன்று மாதத்தில் மாற்றிவிடுவது நல்லது. அதற்கு முன்பே மாற்ற வேண்டுமா என்பதை விரலால் பார்க்கலாம். நடு மெயின் ஒன்றைப் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். விட்டதும் தன் இடத்துக்குத் திரும்பாமல் அப்படியே நின்றால், சத்தமும் மழுங்கியிருந்தால், அன்றே கட்டிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.