ஸ்ட்ரேஸில் வரக்கூடாத ஒரு வரி

திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனி. மெஷின் கணக்கெடுக்கும் லினக்ஸ் பெட்டி திடீரென மந்தமானது. பிராசஸர் நேரம் எதில் போகிறது என்று காட்டும் டாப் கமாண்டில் யூசர் நேரம் (புரோகிராம்களின் சொந்த வேலை) கொஞ்சம்தான், கெர்னல் நேரம் (லினக்ஸின் மையப் பகுதி செய்யும் வேலை) எகிறியிருந்தது. ராம் கூட்டினோம், டிஸ்க் மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. "புதுசே வாங்கிரலாமுங்க" என்றார் ஓனர்.

அப்புறம், புரோகிராம் கெர்னலுக்குள் அனுப்பும் அழைப்புகளை வரிவரியாகக் காட்டும் ஸ்ட்ரேஸ் ஓட்டினேன். உச்சியில் கிளாக்_கெட்டைம்! நேரம் கேட்கும் இந்த அழைப்பு வழக்கமாக விடிஎஸ்ஓ (கெர்னல் ஒவ்வொரு புரோகிராமுக்கும் இணைத்துத் தரும் சின்ன கோடு) வழியாக, கெர்னலுக்குள் போகாமல் யூசர் மோடிலேயே முடிந்துவிடும். ஸ்ட்ரேஸ் கண்ணில் படாது. பட்டால், ஒவ்வொரு தடவையும் பிராசஸர் கெர்னலுக்குள் போய் வருகிறது என்று அர்த்தம்.

கெர்னல் எந்தக் கடிகாரத்தைப் படிக்கிறது என்று சொல்லும் கிளாக்சோர்ஸைப் பார்த்தால், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான டிஎஸ்சி இல்லை, வெளியே இருக்கும் மெதுவான ஹெச்பிஇடி. இதற்கு அந்த விடிஎஸ்ஓ குறுக்குவழி கிடைக்கவில்லை. டிஎஸ்சி நிலையாக இல்லை என்று கெர்னல் லாகிலேயே எழுதியிருந்தது, யாரும் படிக்கவில்லை. கையால் மாற்றினால் ஏற்கவில்லை. பயாஸ் அப்டேட் செய்து ரீபூட் பண்ணியதும் டிஎஸ்சி திரும்பியது, ஸ்ட்ரேஸில் அந்த வரி காணாமல் போனது. அப்பாடா.